இருநூற்றுப் பதினோராவது இடம்

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு அந்தத் தொலைபேசி அழைப்பு வந்தபோது, உயிர்வேதியியல் துறையின் மூத்த பேராசிரியை தன் மேசைமேல் ஏறி நின்று மின்விசிறியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்த வேலைக்கு ஆள் இருந்தது. ஆனால் அடுத்தவர் துடைத்தால் அவளுக்குத் திருப்தி வராது. ஆராய்ச்சியிலும் அவள் அப்படித்தான்.

அவளுக்கு ஐம்பத்தொன்பது வயது. ஓய்வுக்கு இன்னும் எட்டு மாதம். முப்பத்தொரு வருஷமாக ஒரே ஒரு நொதியைக் கட்டிக்கொண்டு அழுதவள் என்று துறையில் பேர். நொதி என்றால் உடம்புக்குள் ஒரு பொருளை இன்னொன்றாக மாற்றிப் போடும், அமினோ அமிலங்களைச் சங்கிலியாகக் கோத்த புரதம். அவளுடைய நொதியின் வேலை மூளையில் சேரும் ஒரு கழிவை உடைப்பது. மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் அவளை 'நொதியம்மா' என்றார்கள். அது அவளுக்கும் தெரியும், பிடித்தும் இருந்தது. நில அளவையாளரான கணவர் மட்டும் சாப்பாட்டு மேசையில் அவ்வப்போது சீண்டுவார்: "நான் இந்த ஊர் பூரா அளந்து முடிச்சிட்டேன். நீ இன்னும் அந்த ஒரு துண்டு நிலத்தையே சுத்திச் சுத்தி வர்றே."

தொலைபேசியில் ஒரு பெண் குரல் மூச்சிரைக்கப் பேசியது.

"மேடம், உங்களுக்கு என்னைத் தெரியாது. நான் குழந்தைகள் ஆஸ்பத்திரியில நரம்பு டாக்டர். இங்க நாலு மாசப் பெண் குழந்தை ஒண்ணு இருக்கு. பிறந்த ஒன்பதாம் நாள்லேர்ந்து வலிப்பு. ஒரு நாளைக்கு முப்பது தடவை, நாப்பது தடவை வருது. நாலு மருந்து மாத்திக் குடுத்தாச்சு, ஒண்ணும் கேக்கலை. நேத்துதான் மரபணு ரிப்போர்ட் வந்தது. உங்க என்சைம்ல குறை மேடம்."

"என் என்சைம்லயா?"

"ஆமா. இருநூத்திப் பதினோராவது இடத்துல ஒரு அமினோ அமிலம் மாறியிருக்கு."

மேசையிலிருந்து எப்படி இறங்கினோம் என்று பிறகு எவ்வளவு யோசித்தும் அவளுக்கு நினைவு வரவில்லை. இருநூற்றுப் பதினொன்று! அந்த நொதியின் நெஞ்சுக்குழி அது. பி6 வைட்டமின் வந்து உட்காரும் இடம். அது உட்கார்ந்தால்தான் நொதி வேலை செய்யும் என்று இருபத்தைந்து வருஷத்துக்கு முன் எழுதியவளே அவள்தான்.

"பி6 குடுத்துப் பாத்தீங்களா?" என்றாள்.

"ரெண்டு நாள் குடுத்தோம். வழக்கமான டோஸ். பலன் இல்லை. அந்த அமிலம் மாறினதால பிடி தளர்ந்து போச்சு, பத்து மடங்கு ஏத்தினா ஒருவேளை ஒட்டும்னு உங்க பேப்பரைப் படிச்சப்புறம் தோணுது. ஆனா இவ்வளவு சின்னக் குழந்தைக்கு அந்த டோஸ்ல மூச்சு நின்னுபோற ஆபத்து இருக்கு. எங்க குழு ஆதாரம் கேக்குது. அதுல ஒரு சிக்கல். உங்க பேப்பர் வந்து ரெண்டு வருஷம் கழிச்சு இன்னொரு பேப்பர் வந்திருக்கு. அந்த வைட்டமினுக்கும் இந்த என்சைமுக்கும் சம்பந்தமே இல்லைன்னு அடிச்சுச் சொல்லுது. நாங்க யாரை நம்பறது? அந்தப் பேராசிரியர் இப்ப எங்க இருக்காருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

பேராசிரியை தன் அறை வாசல் வழியாக நடைகூடத்தைப் பார்த்தாள். எதிர் அறையின் கதவு பாதி மூடியிருந்தது.

"தெரியும்," என்றாள். "கூப்பிட்டாக் கேக்கற தூரத்துலதான் இருக்கார். ஆனா நாங்க கூப்பிட்டுக்கறதில்லை."

அவரைத் துறையில் 'சந்தேகம் சார்' என்பார்கள். எந்தக் கருத்தரங்கிலும் கடைசி வரிசையிலிருந்து எழுந்து, "எனக்கு ஒரு சந்தேகம்" என்று ஆரம்பிப்பார். அந்த ஒரு சந்தேகத்தில் பேசியவரின் மூன்று வருஷ உழைப்பு கவிழ்ந்துவிடும். ஆனால் சும்மா பேசுகிற ஆள் இல்லை. ஒரு நொதி எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது என்பதை ஒளியைப் பாய்ச்சி அளக்க அவர் கண்டுபிடித்த முறையை எத்தனையோ நாடுகளின் ரத்தப் பரிசோதனைக் கூடங்கள் பயன்படுத்துகின்றன. இரண்டு பதக்கங்கள், ஆறு வருஷம் துறைத் தலைமை, அவர் கையில் பட்டம் வாங்கிப் போனவர்கள் இருபத்திரண்டு பேர்.

இருவரும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஆரம்பத்தில் ஒரே மேசையில்தான் டீ குடித்தார்கள். அவளுடைய பேப்பரை மறுத்து அவர் எழுதியதும் எல்லாம் முறிந்தது. அவளுடைய அடுத்த இரண்டு கட்டுரைகள் திரும்பி வந்தன. பதவி உயர்வு நாலு வருஷம் தள்ளிப்போனது. அவளிடம் ஆராய்ச்சிக்குச் சேர வந்த மாணவர்கள் வாசல் வரை வந்து எதிர் அறைக்குத் திரும்பினார்கள். அவள் மனம் தளரவில்லை. நொதியை விடவும் இல்லை. ஆனால் அவர் கிழக்குப் படிக்கட்டில் ஏறினால் அவள் மேற்குப் படிக்கட்டில் இறங்குவாள். துறைக்குப் பொதுவான, கரைசலைச் சுழற்றிப் பிரிக்கும் சுழற்பொறியைக் காலையில் அவளும் மத்தியானம் அவரும் பயன்படுத்துவது என்று எழுதப்படாத சட்டமே உண்டு.

இருபத்துமூன்று வருஷத்தில் முதல் தடவையாக அவள் அவர் கதவைத் தட்டினாள்.

அவர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். யார் என்று தெரிந்ததும் எழுந்தேவிட்டார். "உக்காருங்க மேடம்."

"உக்கார நேரமில்லை சார்," என்று நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினாள். குழந்தை, வலிப்பு, இரண்டு பேப்பர், டாக்டரின் கேள்வி. அவர் குறுக்கே பேசவில்லை. அவள் முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்.

"இருநூத்திப் பதினொண்ணுல எது போய் எது வந்திருக்கு?"

சொன்னாள்.

அவர் முகம் மாறியது. "அது என்கிட்ட இருக்கு."

"எது?"

"அதே மாற்றம். அச்சு அசல் அதேதான். உங்களைத் தப்புன்னு நிரூபிக்கறதுக்காக நான் அப்ப பத்தொன்பது மாதிரி செஞ்சேன். அந்த இடத்துலயே நாலு. புதுசா செய்யணும்னா ரெண்டு வாரமாவது ஆகும். இது தயாராக் கிடக்கு மேடம்! ஃப்ரீசர்ல!"

இரண்டு பேரும் நடைகூடத்தில் அக்கம்பக்கமாக நடந்து போனதைப் பார்த்து, எதிரே வந்த அலுவலக உதவியாளர் சுவரோடு ஒட்டி நின்றுவிட்டார்.

மைனஸ் எண்பது டிகிரி ஃப்ரீசர்கள் தரைத்தளத்தில் இருந்தன. அவற்றின் ராணி, 'பெட்டியக்கா' என்று எல்லோரும் கூப்பிடும் ஆய்வக உதவியாளர். எந்தப் பெட்டி எந்தத் தட்டில் என்று அவளுக்குத் தெரியாமல் ஒரு குழாய்கூட உள்ளே போகாது, வெளியே வராது. அவள் தடித்த பதிவேட்டைப் புரட்டி, விரலை ஒரு வரியில் நிறுத்தினாள்.

"சாரோட பழைய பெட்டிங்க மூணாம் ஃப்ரீசர், அடித்தட்டு. போன வருஷம் தூக்கிப் போடச் சொல்லி ஆர்டர் வந்தது."

சந்தேகம் சார் பதிவேட்டின்மேல் குனிந்தார். "போட்டுட்டீங்களா?"

"சார் கையெழுத்து இல்லாம நான் எதையும் போட மாட்டேன். நீங்க கையெழுத்தே போடலை. மூணு தடவை ஞாபகப்படுத்தினேன்."

"என் சோம்பேறித்தனம் வாழ்க," என்றார் அவர். பேராசிரியைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் நகைச்சுவையாகப் பேசுவார் என்பதே அவளுக்கு மறந்து போயிருந்தது.

பனி மண்டிய பெட்டி வெளியே வந்தது. சுண்டுவிரல் நுனி அளவுக் குழாய்கள். மூடிமேல் அவருடைய பொடி எழுத்து: 211, நாலாவது. உள்ளே உறைந்த பாக்டீரியா. அதற்குள் அந்த நொதியைச் செய்வதற்கான மனித மரபணு, குழந்தைக்கு இருக்கும் அதே பிழையோடு. ஒரு கீறல் எடுத்து ஊட்டக் குழம்பில் போட்டு, வெதுவெதுப்பில் ஆட்டிக்கொண்டே இருக்கும் பொறியில் வைத்தார்கள். பக்கத்திலேயே பிழையில்லாத நொதியைச் செய்யும் பாக்டீரியாவையும் வைத்தார்கள். இனி பாக்டீரியா தன் பாட்டுக்குப் பெருகும். மனிதர்கள் வீட்டுக்குப் போகலாம்.

புதன்கிழமை முழுக்கச் சண்டையில் போனது. பாக்டீரியா புரதம் செய்யும்போது முப்பத்தேழு டிகிரி வேண்டும் என்றார் அவர். இருபதுதான், சூடு தாங்காமல் புரதம் கட்டிதட்டிப் போகும் என்றாள் அவள். "முப்பத்தொரு வருஷமா இதுகூட இருக்கேன் சார், இதோட குணம் எனக்குத் தெரியும்." கடைசியில் இருபது ஜெயித்தது. சுத்திகரிப்பு யாருடைய ஆய்வகத்தில் என்பதில் அவர் ஜெயித்தார். அவருடைய பொறி புதிது, வேகமானது. பாட்டில்கள், கரைசல்கள், குழாய்கள் எல்லாம் அவருடையவை. அவள் பக்கத்தில் நின்று கண்கொத்திப் பாம்பாகப் பார்ப்பது என்று ஒப்பந்தம்.

அன்று சாயங்காலம் வீடு திரும்பியவளுக்கு ஒரு புது எண்ணிலிருந்து அழைப்பு. குழந்தையின் அம்மா. டாக்டரிடம் கெஞ்சி எண்ணை வாங்கியிருக்கிறாள். நகரப் பேருந்து ஓட்டுநராம்.

"உங்களைத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணு கேக்கணும். எம் பொண்ணுக்கு எந்த இடத்துல கோளாறோ அந்த இடத்தையே நீங்க முப்பத்தொரு வருஷமா பாத்துக்கிட்டிருக்கீங்களாமே?"

"ஆமாம்மா."

"ஒரே ரூட்லயா?"

"ஒரே ரூட்தான்."

"அப்ப ஒவ்வொரு குழியும் தெரிஞ்சிருக்குமே," என்றாள் அந்தப் பெண். "அது போதும் எனக்கு. வச்சிடறேன்."

பேராசிரியை தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். கணவர் எட்டிப் பார்த்தார். "என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லைங்க. என் வேலை என்னன்னு இவ்வளவு நாள்ல இப்பதான் ஒருத்தர் சரியாச் சொன்னாங்க."

வியாழக்கிழமை காலை பதினொன்றே கால். இரண்டு கண்ணாடிக் குழாய்கள் தாங்கியில் நின்றன. இடது பக்கம் நல்ல நொதி, வலது பக்கம் குழந்தையின் நொதி. மருத்துவமனைக் குழு இரண்டு மணிக்குக் கூடுகிறது. அதற்குள் ஆம் அல்லது இல்லை சொல்லியாக வேண்டும்.

பேராசிரியை இடது குழாயை வெளிச்சத்தில் பிடித்தாள்.

இந்த வைட்டமின் ஒட்டியிருக்கும் நொதி மஞ்சளாக இருக்கும். நல்ல வெயிலில் பிடித்த எண்ணெய் மாதிரி, லேசான, தெளிவான மஞ்சள். அவள் கையில் எத்தனையோ நூறு தடவை அந்த மஞ்சள் வந்திருக்கிறது. இந்தக் குழாயில் இருந்தது தண்ணீரின் நிறம்.

"அளந்துடலாம்," என்றார் அவர்.

திரையில் கோடு ஓட ஆரம்பித்தது. நொதி வேலை செய்தால் கோடு ஏறும். நல்ல நொதிக்கு அது ஏதோ கடமைக்குக் கொஞ்சம் ஏறியது. வைட்டமின் சேர்த்தார்கள். மாற்றமில்லை. குழந்தையின் நொதிக்குக் கோடு தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. வைட்டமின் சேர்த்தார்கள், இரண்டு மடங்கு, ஐந்து மடங்கு, பத்து மடங்கு. கோடு அசையவில்லை.

"இதைத்தான் நான் அன்னிக்கும் பாத்தேன்," என்றார் சந்தேகம் சார். அவர் குரலில் வெற்றி இல்லை. நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "நேத்து முழுக்க நான் என்ன நெனச்சேன் தெரியுமா மேடம்? இந்த ஒரு தடவையாவது நீங்க சொன்னது சரியா இருக்கணும்னு நெனச்சேன்."

அப்படியானால் தான் பார்த்ததெல்லாம் என்ன? முப்பத்தொரு வருஷ மஞ்சளும் பொய்யா? ஒரு பெண் பேருந்தை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருக்கிறாளே, அவளிடம் என்ன சொல்வது?

"டாக்டர்கிட்ட சொல்லிடறேன்," என்று அவர் தொலைபேசியை எடுத்தார்.

"ஒரு மணி நேரம் குடுங்க சார்."

"எதுக்கு?"

"தெரியலை. குடுங்க."

கை சும்மா இருக்க மாட்டாமல் குழாய்களைக் கழுவத் தொட்டிப் பக்கம் போனாள். தொட்டிக்கு மேலே பலகையில் அவருடைய வெள்ளை பாட்டில்கள் வரிசையாக நின்றன. நொதியைக் கரைத்து வைக்கும் திரவத்துக்கு பஃபர் என்று பெயர். அமிலத்தன்மை ஏறாமல் இறங்காமல் பார்த்துக்கொள்ளும் சாதாரணச் சங்கதி. சமையலில் தண்ணீரை யார் கவனிக்கிறார்கள்? அப்படித்தான் ஆய்வகத்தில் பஃபரும். அவள் கண் ஒரு பாட்டிலின் சீட்டில் போய் நின்றது.

"சார், எந்த பஃபர்ல கரைச்சீங்க?"

"டிரிஸ். வேற என்ன? எல்லா லேப்லயும் கைக்கு வர்ற முதல் பாட்டில் அதானே."

"அன்னிக்கும் டிரிஸ்தானா? இருபத்திமூணு வருஷத்துக்கு முன்னாடியும்?"

"ஆமா. பேப்பர்ல எழுதியிருக்கேனே. கடைசிப் பக்கம், பொடி எழுத்துல. படிக்கலையா?"

"உங்க பேப்பரை ரெண்டாம் பக்கத்துலயே தூக்கி எறிஞ்சிட்டேன் சார்."

"நீங்க எதுல கரைப்பீங்க?"

"பாஸ்பேட்."

அவர் மெல்ல எழுந்தார். "உங்க பேப்பர்ல அப்படி எழுதலையே மேடம். எனக்கு ஒவ்வொரு வரியும் மனப்பாடம். எழுதவே இல்லை."

"'வழக்கமான பஃபர்'னு எழுதினேன். எனக்கு வழக்கம் பாஸ்பேட். முதல் நாள் டிரிஸ் தீர்ந்து போச்சு, கிடைச்சதை வச்சு ஆரம்பிச்சேன். அப்புறம் மாத்தவே இல்லை."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையிலேயே விஷயம் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. டிரிஸ் இந்த வைட்டமினைக் கண்டால் விடாது. ஓடிப் போய்ப் பிடித்துத் தன்னோடு பிணைத்துக்கொள்ளும். நொதியின் மடியில் உட்கார வேண்டியதைப் பாதி வழியிலேயே கடத்திக்கொண்டு போய்விடும்.

"முதல் வருஷப் பிள்ளைங்களுக்கு இதை நானே பாடம் எடுத்திருக்கேன்!" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார். "பலகையில படம் போட்டு எடுத்திருக்கேன்! என் வைட்டமினை எல்லாம் என் பாட்டிலே தின்னுருக்கு!"

"அப்புறம் அடிச்சுக்கலாம் சார். மணி பன்னெண்டு."

அதற்குப் பிறகு அந்த ஆய்வகத்தில் நடந்ததை, உதவிக்கு மேலே வந்திருந்த பெட்டியக்கா பல நாள் எல்லோருக்கும் நடித்துக் காட்டினாள். ஐம்பத்தொன்பது வயசில் மேடம் நடைகூடத்தில் ஓடிப் போய்த் தன் பாஸ்பேட் பாட்டிலை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடி வந்ததும், சார் மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டே மூக்கில் கண்ணாடியோடு சுற்றியதும், இரண்டு பேரும் "நீங்க பிடிங்க", "இல்லை நீங்க ஊத்துங்க" என்று ஒருவர் கையை ஒருவர் தட்டியதும்.

நல்ல நொதியை டிரிஸிலிருந்து பிரித்து பாஸ்பேட்டுக்கு மாற்றினார்கள். வைட்டமினோடு கொஞ்ச நேரம் வைத்தார்கள். பிறகு, ஒட்டாமல் மிச்சம் இருக்கும் வைட்டமின் பின்தங்கிவிடும்படி, மணல் போன்ற வெள்ளைப் பொடி நிரப்பிய சிறு குழலில் ஊற்றினார்கள். புரதம் முதலில் இறங்கும். அதோடு நிறமும் சேர்ந்து வந்தால் ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம்.

முதல் சொட்டு நிறமில்லாமல் விழுந்தது. இரண்டாவது, மூன்றாவது, அப்படியே. மூன்று பேரும் குழலின் வாயையே பார்த்துக்கொண்டு குனிந்து நின்றார்கள். எட்டாவது சொட்டு நுனியில் திரண்டு தொங்கியது.

மஞ்சள்.

"மஞ்சள்!" என்று கத்தியவர் சந்தேகம் சார். பக்கத்து ஆய்வகத்திலிருந்து இரண்டு பேர் தீயோ என்னவோ என்று ஓடி வந்தார்கள். "மஞ்சள் மேடம்! பாருங்க! புரதத்தோட சேந்து வருது!"

"எனக்குத் தெரியும் சார்," என்றாள் அவள். கண் பனித்துவிட்டதால் அவளுக்குச் சரியாகத் தெரியவே இல்லை.

திரையில் நல்ல நொதியின் கோடு இப்போது மாடிப்படியைத் தாவி ஏறுவதுபோல ஏறியது. ஆனால் அது பழைய வழக்கு. குழந்தையின் நொதிதான் கேள்வி. அதையும் பாஸ்பேட்டுக்கு மாற்றி அளந்தார்கள். வைட்டமின் இல்லாமல்: தரை. வழக்கமான அளவு: ஒரு மயிரிழை உயர்வு. ஐந்து மடங்கு: கோடு தலை தூக்கியது. பத்து மடங்கு சேர்த்ததும் அது வளைந்து, நிமிர்ந்து, ஏற ஆரம்பித்தது. ஏறிக்கொண்டே போனது. பெட்டியக்கா கையைப் பிசைந்தாள். நல்ல நொதியின் வேகத்தில் மூன்றில் ஒரு பங்கில் போய் நிலைத்தது.

"மூணுல ஒரு பங்கு போதுமா மேடம்?" என்றாள் பெட்டியக்கா.

"மூளைக்குப் போதும்னு நெனக்கிறேன். முழுசா வேணும்னு அது கேக்காது."

"இன்னொரு தடவை," என்றார் சார்.

"மணி ஒண்ணு இருபது!"

"குழந்தை மேடம். இன்னொரு தடவை."

செய்தார்கள். அதே கோடு. மூன்றாம் முறையும் அதே கோடு.

பேராசிரியை தொலைபேசியை எடுத்தாள். அவர் கையை நீட்டினார். "நான் பேசறேன். இல்லைன்னு சொன்னது நான். ஆமான்னு சொல்ல வேண்டியதும் நான்தான்."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு, வாய்மொழித் தேர்வில் பதில் சொல்லும் மாணவனைப் போல மருத்துவரிடம் ஒவ்வொன்றாகச் சொன்னார். எண்களைச் சொன்னார். கடைசியில், "இருபத்திமூணு வருஷத்துக்கு முன்னாடி நான் போட்ட பேப்பர் தப்பு டாக்டர். மேடம் எழுதினதுதான் சரி. இதை எழுத்துல வேணும்னாலும் இப்பவே தர்றேன்," என்றார்.

எத்தனை வருஷம் அவள் இந்த வாக்கியத்தை மனசுக்குள் அவர் வாயால் சொல்லவைத்திருப்பாள்! நிஜமாகவே சொன்னபோது அவளுக்கு வந்தது வெற்றி இல்லை, பசி. காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

"நானும் பஃபர் பேரை எழுதியிருக்கணும் சார்," என்றாள். "ஒரே ஒரு வார்த்தை."

குழு ஒத்துக்கொண்டது. மாலை நாலு மணிக்கு, மூச்சுக் கருவியைப் பக்கத்தில் தயாராக வைத்துக்கொண்டு முதல் ஊசி போட்டார்கள் என்று செய்தி வந்தது. பிறகு எந்தச் செய்தியும் இல்லை.

வெள்ளிக்கிழமை பேராசிரியை வகுப்பில் ஒரே படத்தை இரண்டு தடவை போட்டாள். எதிர் அறையில் அவர் புத்தகம் ஒன்றைத் தலைகீழாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மத்தியானம் மூன்று மணிக்குத் தொலைபேசி அடித்தது.

"மேடம், நேத்து மருந்து போன பத்தாவது நிமிஷம் மூச்சு நின்னுடுச்சு. நாப்பது செகண்டு. மெஷின் இருந்ததால சமாளிச்சிட்டோம். எங்க எல்லாருக்கும் உயிர் போயிட்டு வந்தது." டாக்டர் காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது. "ராத்திரி வலிப்பு ஏழு தடவையா குறைஞ்சது. காலைல ஆறு மணிக்கு ஒண்ணு வந்தது. அதுக்கப்புறம் இல்லை. ஒன்பது மணி நேரம் மேடம்! ஒண்ணுகூட இல்லை! அவங்க அம்மா பக்கத்துல உக்காந்து மணி பாத்துக்கிட்டே இருக்காங்க."

அவள் தொலைபேசியை அப்படியே மேசையில் போட்டுவிட்டு எதிர் அறைக்குப் போனாள். ஒன்பது விரலை விரித்துக் காட்டினாள்.

"ஒன்பது வலிப்பா?" என்றார் அவர் பதறிப்போய்.

"ஒன்பது மணி நேரம் சார்! வலிப்பே இல்லை!"

அவர் தலைகீழ்ப் புத்தகத்தை மூடினார். திறந்தார். மறுபடி மூடினார். பிறகு எழுந்து வந்து, என்ன செய்வது என்று தெரியாமல் அவள் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார்.

அடுத்த ஒரு மாதம் இருவரும் சேர்ந்து கட்டுரை எழுதினார்கள். அதிலும் சண்டைதான். யார் பெயர் முதலில் என்பதில், அவள் அவர் பெயர் என்றாள், அவர் அவள் பெயர் என்றார். இரண்டு பேரும் விட்டுக்கொடுக்க மறுத்தார்கள். கடைசியில் முதல் பெயர் அவளுடையதாகவும், பெட்டியக்காவின் பெயர் நடுவிலும், அவருடையது கடைசியிலும் போனது. தன் பழைய பேப்பரைத் திரும்பப் பெறுவதாக அவர் தனிக் கடிதம் எழுதினார். கட்டுரை வெளிவந்த மூன்றாவது வாரத்தில், வேறொரு நாட்டிலிருந்து ஒரு மருத்துவர் எழுதினார்: அவரிடமும் இரண்டு குழந்தைகள் இருக்கிறார்கள், அதே நொதி, வேறு இடத்தில் பிழை, அதையும் அளந்து சொல்ல முடியுமா? பல்கலைக்கழகம் பேராசிரியையின் பணியை மூன்று வருஷம் நீட்டித்தது.

கட்டுரை எழுதிக்கொண்டிருந்த மாதத்திலேயே ஒரு நாள் குழந்தையைப் பார்க்க இரண்டு பேரும் மருத்துவமனைக்குப் போயிருந்தார்கள். முப்பத்தொரு வருஷமும் அந்த நொதியைக் கண்ணாடிக் குழாயில்தான் பார்த்திருக்கிறாள் பேராசிரியை. அது பழுதுபட்ட ஒரு ஆளைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. ஜன்னலோரக் கட்டிலில், வெள்ளைச் சட்டையில், காலை உதைத்துக்கொண்டு கிடந்தது அந்த ஆறு கிலோ ஆள்.

"தொட்டுப் பாருங்க மேடம், ஒண்ணும் ஆகாது," என்றாள் அம்மா. பேருந்து ஓட்டும் பெண்ணின் கைகள் அகலமாக, உறுதியாக இருந்தன. "மத்த பிள்ளைங்களை விட மெதுவாதான் எல்லாம் வருமாம். கழுத்து இப்பதான் நிக்குது. டாக்டர் எதையும் மறைக்கலை. பரவாயில்லை. மெதுவா வரட்டும். நான் கூடவே இருக்கேன்."

குழந்தையிடம் என்ன பேசுவது என்று பேராசிரியைக்குத் தெரியவில்லை. "வைட்டமின் சாப்பிட்டீங்களா?" என்று வகுப்புக் குரலில் கேட்டாள். குழந்தை குரல் வந்த பக்கம் தலையைத் திருப்பியது. கண் அவளைத் தேடி, கண்டுபிடித்து, அங்கேயே நின்றது.

"பாக்குது!" என்றார் சந்தேகம் சார். "மேடம், உங்களைத்தான் பாக்குது!"

"இப்பல்லாம் இப்படித்தான்," என்றாள் அம்மா பெருமையாக. "யார் பேசினாலும் திரும்பி ஒரு பார்வை. இவ அப்பா லீவு போட்டிருக்கார், இனி அவர் பாத்துக்குவார். நாளைலேர்ந்து நான் டூட்டிக்குப் போறேன். அஞ்சு மாசம் ஆச்சு பஸ்ஸைத் தொட்டு."